லினக்ஸ் கெர்னலில் சொந்த நெட்வொர்க் ஹெடர்: எந்த வழி யாருக்கு?

நம் சர்வர்களுக்கு இடையே ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கூடுதலாக 16 பைட்டை ஹெடராக, அதாவது டேட்டாவுக்கு முன்னால் ஒட்டும் குறிப்பாக, ஏற்றி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வாடிக்கையாளரின் டிராஃபிக் என்று சொல்ல 4 பைட், வரிசை எண்ணுக்கு 4 பைட், கிளம்பிய நேரத்துக்கு 8 பைட். அப்ளிகேஷன் கோடில் கை வைக்கக் கூடாது. இரண்டு முனையிலும் லினக்ஸ், இரண்டுமே நம் நிர்வாகத்தில். லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்கு அசல் கிளையண்டின் முகவரியைச் சொல்ல, ஒரே வலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க, தாமதத்தை அளக்க என்று இந்தத் தேவை பல இடங்களில் வருகிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கு ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் ஹெடரைச் செருகும் கோடு சில பத்து வரிகள்தான். சிக்கல் அங்கே இல்லை. நாம் சேர்த்த பைட்டுகளை இதுவரை பார்த்தே இராத நெட்வொர்க் கார்டும் ஸ்விட்சும் ஃபயர்வாலும் அந்தப் பாக்கெட்டை என்ன செய்யும் என்பதில் இருக்கிறது. எனவே வழிகளை ஒப்பிட நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். போகும் பாதையில் யார் யாரெல்லாம் பாக்கெட்டைத் திறந்து பார்ப்பார்கள்? ஹெடரில் இருக்கும் மதிப்பு ஒரு ஃப்ளோ (ஒரே இணைப்பைச் சேர்ந்த பாக்கெட்டுகளின் வரிசை) முழுவதற்கும் ஒன்றா, பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுமா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

எஸ்கேபிக்குள் ஒரு பார்வை

கெர்னலில் ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்கே_பஃப் என்ற ஸ்ட்ரக்சராக நடமாடுகிறது, பேச்சில் எஸ்கேபி. அதில் நான்கு சுட்டிகள் முக்கியம்: ஹெட், டேட்டா, டெயில், எண்ட். ஹெட்டுக்கும் டேட்டாவுக்கும் நடுவே விட்டிருக்கும் காலி இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர். டிசிபி தன் ஹெடரை எழுதும்போது டேட்டா சுட்டி குறைந்தது 20 பைட் பின்னால் போகும், ஐபி எழுதும்போது இன்னொரு 20, ஈதர்நெட்டுக்கு 14. நம் ஹெடரும் அப்படித்தான்: எஸ்கேபி_புஷ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு 16 பைட் பின்னால் நகர்த்தி, அந்த இடத்தில் எழுதுகிறோம்.

இடம் இல்லாவிட்டால் எஸ்கேபி_புஷ் பிழை எண் எதையும் திருப்பித் தராது. டேட்டா சுட்டி ஹெட்டைத் தாண்டிப் போனதைக் கண்டதும் எஸ்கேபி_அண்டர்_பேனிக் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு கெர்னல் அங்கேயே விழும். அந்த வரியில் லென், புட், ஹெட், டேட்டா என்று வரிசையாக எண்கள் இருக்கும். புட் என்பதற்கு நேரே 16 இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், நம் கோடுதான். அதனால் புஷ்ஷுக்கு முன் எஸ்கேபி_கவ்_ஹெட் கட்டாயம். அது இடத்தை உறுதிப்படுத்துவதோடு, அதே டேட்டாவை வேறொரு எஸ்கேபியும் பகிர்ந்திருந்தால் ஹெடர் பகுதியை நமக்கெனப் பிரித்தும் கொடுக்கும். பெறும் பக்கத்தில் இதே இடத்தில் நிற்பது பிஎஸ்கேபி_மே_புல். படிக்கப் போகும் 16 பைட்டும் உண்மையில் வந்திருக்கிறதா, தொடர்ச்சியான நினைவகத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் படித்தால், வெளியிலிருந்து யாரோ அனுப்பும் ஒரு குட்டிப் பாக்கெட் மெஷினையே சாய்த்துவிடலாம்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் இருப்பது. நிஜமான இடைஞ்சல் ஜிஎஸ்ஓ, அதாவது துண்டு போடுவதைக் கடைசிவரை தள்ளிப்போடும் ஏற்பாடு. அப்ளிகேஷன் பெரிய ஃபைலை அனுப்பும்போது டிசிபி 1500 பைட் பாக்கெட்டுகளைச் செய்வதில்லை. 64 கிலோபைட் வரையிலான ஒரே எஸ்கேபியைச் செய்து கீழே தள்ளுகிறது. அதைத் துண்டு போடுவது கடைசி நொடியில் நடக்கும், பெரும்பாலும் நெட்வொர்க் கார்டே செய்யும். அதற்கு டிஎஸ்ஓ என்று பெயர். ஐபிக்கும் டிசிபிக்கும் நடுவே நாம் ஒரு ஹெடரைச் செருகி, ஐபி ஹெடரின் புரோட்டோகால் எண்ணை 253 என்று மாற்றியிருந்தால், துண்டு போடப் போகிறவருக்கு உள்ளே டிசிபி இருப்பதே தெரியாது. கெர்னல் தானே துண்டு போடும்போது 253-க்கு யாரேனும் ஆஃப்லோட் ஃபங்ஷன் (துண்டு போடும் ஃபங்ஷன்) பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்கும். இல்லையென்றால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். கார்டு செய்தால் விளைவு டிரைவரைப் பொறுத்தது.

வெளியே தெரியும் அடையாளம் இது: பிங் போகும், எஸ்எஸ்ஹெச் திறக்கும், சின்னச் சின்னக் கட்டளைகள் ஓடும்; பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்க ஆரம்பித்தால் அப்படியே நின்றுவிடும். ஈதிடூல் கட்டளை கொண்டு டிஎஸ்ஓவையும் ஜிஎஸ்ஓவையும் அணைத்துவிடு என்று பழைய குறிப்புகள் சொல்லும். கார்டில் அவற்றை அணைத்திருந்தாலும் இன்றைய கெர்னலில் டிசிபி பெரிய எஸ்கேபியைத்தான் செய்கிறது. அதனால் அந்த மருந்து இப்போது வேலை செய்யாது. இன்எட்_ஆட்_ஆஃப்லோட் வழியாக நம் புரோட்டோகாலுக்குத் துண்டு போடும் ஃபங்ஷனை நாமே எழுதிப் பதிவு செய்வதுதான் சரியான தீர்வு. இந்த ஒரு வேலையைக் கணக்கில் எடுக்காமல் போடும் எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

நெட்ஃபில்டர் ஹூக்கில் செருகுவது

நெட்ஃபில்டர் என்பது பாக்கெட் போகும் பாதையில் நம் ஃபங்ஷனை மாட்டிவைக்க ஹூக் என்ற இடங்களைத் தரும் கெர்னல் பகுதி. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இந்த வழி. போஸ்ட் ரூட்டிங் ஹூக்கில் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்து, வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஹெடரைச் செருகி, எதிர் முனையில் ப்ரீ ரூட்டிங் ஹூக்கில் கழற்றுவது. ஒரே மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணைக் கோடு), எழுதவும் எளிது. உற்பத்திச் சூழலுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

காரணம், இந்த ஹூக்குக்கு வரும்போது எல்லாத் தீர்மானமும் முடிந்திருக்கிறது. ரூட்டின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்று பார்த்து டிசிபி அதற்கேற்ற துண்டு அளவை ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டது. நாம் சேர்க்கும் 16 பைட்டால் பாக்கெட் 1516 ஆகிறது. ரூட்டில் எம்டியுவை 1484 என்று கையால் குறைத்தாக வேண்டும். பிழை கண்டறிய உதவும் செக்சம் இன்னும் போடப்படவில்லை, கார்டு போடும் என்று எஸ்கேபியில் குறித்து வைத்திருக்கிறது. ஐபிக்கு அடுத்து டிசிபி இருந்தால் மட்டுமே செக்சம் போடத் தெரிந்த கார்டுகள் உண்டு. முன்னே சொன்ன ஜிஎஸ்ஓ சிக்கலும் இங்கே முழு வீச்சில் வரும். ஹூக்கின் கண்ணில் படுவது பாக்கெட் மட்டும்தான். தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

இன்னொரு தொல்லை, ஹூக்கைப் பதிவு செய்யும் முறையே மாறிவந்திருக்கிறது. என்எஃப்_ரெஜிஸ்டர்_ஹூக் என்ற பழைய ஃபங்ஷன் 4.13 கெர்னலில் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே ஹூக் ஃபங்ஷனின் அளவுருக்களும் மாறியிருந்தன. பழைய பாடக்குறிப்பிலிருந்து எடுத்த கோடு இன்றைக்குக் கம்பைலே ஆகாது.

புதிய ஈதர்டைப், புதிய ஐபி எண்

ஹெடரை ஈதர்நெட்டுக்கு அடுத்தே வைக்கலாம். ஈதர்நெட் ஹெடரின் கடைசி 2 பைட்டில் 1536-க்குக் குறையாத எண் இருந்தால் அது ஈதர்டைப், உள்ளே எந்தப் புரோட்டோகால் என்று சொல்லும் எண். உள்ளூர்ப் பரிசோதனைக்கென்றே தரநிலை அமைப்பான ஐஇஇஇ இரண்டு எண்களை ஒதுக்கியிருக்கிறது: பதினாறடிமானத்தில் 88பி5, 88பி6. டெவ்_ஆட்_பேக் ஃபங்ஷனில் அந்த எண்ணையும் நம் ஹேண்ட்லரையும் கொடுத்தால், அந்த வகைப் பாக்கெட் எல்லாம் நம்மிடம் வரும். கெர்னல் நெட்வொர்க்கிங் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஐபி குறுக்கே வராது, ஃபயர்வால் வராது, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பில் "தெரியாத ஈதர்டைப்" என்று நம் பாக்கெட் கண் முன்னே தெரியும்.

விளையாட்டாக மட்டும் யாரும் இதைச் செய்யவில்லை. மெஷ் வலைக்கான பேட்மேன் புரோட்டோகால் 4305 என்ற பதினாறடிமான ஈதர்டைப்போடு 2.6.38 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஒரே லேயர் 2 வலைக்குள் வாழும் புரோட்டோகால். நடுவே ரூட்டர் வந்தால் கதை முடிந்தது. ஐபி மட்டுமே கடத்தும் மேகச் சூழலிலும் அப்படியே. வேறொரு நுணுக்கமான இழப்பும் உண்டு. பெறும் கார்டு பாக்கெட்டின் முகவரியையும் போர்ட்டையும் பார்த்து வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்து அனுப்பும்; அதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். தெரியாத ஈதர்டைப் வந்தால் பிரிக்க அதற்கு ஒன்றும் கிடைக்காது. 32 கோர் உள்ள சர்வரிலும் எல்லாப் பாக்கெட்டும் ஒரே கோரின் தலையில் விழும்.

ஐபிக்கு மேலே, சொந்த புரோட்டோகால் எண்ணோடு வைத்தால் ரூட்டர்களைத் தாண்டலாம். பரிசோதனைக்கு 253, 254 என்ற எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கெர்னலில் இன்எட்_ஆட்_புரோட்டோகால். கோடாகப் பார்த்தால் அழகான வழி, ஆனால் இந்தப் பாதையில் போனவர்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. டிசிபி போன்ற இன்னொரு புரோட்டோகாலான எஸ்சிடிபிக்கு 132 என்ற அதிகாரப்பூர்வ எண்ணே இருந்தும், வீட்டு ரூட்டர்களில் முகவரியை மாற்றித் தரும் நாட் அதை அறியாததால் பொது இணையத்தில் பரவவில்லை. கடைசியில் அதை யூடிபிக்குள் போட்டு அனுப்பவே தனியாக ஓர் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) எழுத வேண்டியிருந்தது, எண் 6951. அதே வகைப் புரோட்டோகாலான டிசிசிபி 2005-இல் 2.6.14 கெர்னலில் சேர்ந்தது. பயன்படுத்துவோர் இல்லாமல் 2025-இல் 6.16 கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

டேட்டா சென்டர் சுவருக்குள் மட்டும் என்றால் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டில் உருவான ஹோமா புரோட்டோகால் 146 என்ற எண்ணோடு இந்த வழியில்தான் போகிறது. அதில் என்னைக் கவர்ந்த ஒன்று உண்டு: ஹெடரின் முக்கியப் புலங்களை டிசிபி ஹெடரில் இருக்கும் அதே இடங்களில் வைத்திருக்கிறார்கள், நெட்வொர்க் கார்டு டிசிபி என்றே நினைத்துத் துண்டு போட்டுத் தரட்டும் என்று. ஹெடரை வடிவமைக்கும்போதே வன்பொருளை மனதில் வைப்பது என்றால் இதுதான்.

யூடிபிக்குள் போடுவது

கடந்த பல ஆண்டுகளில் வெற்றி பெற்ற புதிய புரோட்டோகால்களைப் பாருங்கள். வீஎக்ஸ்லான், ஜெனீவ், வயர்கார்டு, க்விக் எல்லாமே யூடிபிக்கு மேல் நிற்பவை. யூடிபி ஹெடருக்கான 8 பைட் செலவில் நாட், ஃபயர்வால், ஆர்எஸ்எஸ், ஸ்விட்சின் பலபாதைப் பகிர்வு எல்லாம் பழையபடி வேலை செய்கின்றன. அனுப்பும் யூடிபி மூலப் போர்ட்டை உள்ளே இருக்கும் ஃப்ளோவின் ஹாஷிலிருந்து எடுப்பது இங்கே கைவந்த உத்தி. கெர்னலில் யூடிபி_ஃப்ளோ_எஸ்ஆர்சி_போர்ட் என்று அதற்கே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதனால் இரண்டே சர்வர்களுக்கு இடையே ஓடினாலும் வெவ்வேறு ஃப்ளோக்கள் வெவ்வேறு கோர்களுக்குப் போகும்.

இதை மாட்யூலாகச் செய்வதென்றால் ஒரு மெய்நிகர் இடைமுகத்தை உருவாக்க வேண்டும். ஐபி லிங்க் ஆட் என்று கொடுத்தால் உருவாகும் வகையில் ஆர்டிஎன்எல்_லிங்க்_ஆப்ஸ் பதிவு, அனுப்ப ஒரு ஃபங்ஷன், பெற யூடிபி சாக்கெட்டில் என்கேப்_ஆர்சிவி என்ற கால்பேக். நெட்ஃபில்டர் ஹூக்கால் முடியாத இரண்டு காரியங்கள் இங்கே இயல்பாக நடக்கின்றன. இடைமுகத்தின் எம்டியுவைக் குறைத்து வைத்தால் டிசிபி முதலிலிருந்தே சரியான அளவில் செய்யும். நீடட்_ஹெட்ரூம் என்ற புலத்தில் நமக்கு வேண்டிய இடத்தைச் சொன்னால், மேலே எஸ்கேபியை ஒதுக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வழியில் புதிய நினைவகம் ஒதுக்கும் செலவு பெரும்பாலும் மிச்சம்.

பாக்கெட்டுக்குப் பாக்கெட் மதிப்பு மாற வேண்டுமென்றால் இதுதான் நேர்மையான வழி என்பது என் முடிவு. விபிஎன் புரோட்டோகாலான வயர்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேட்டா ஹெடர் 16 பைட். அதில் 8 பைட் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடிக்கொண்டே போகும் எண்ணி. கார்டு துண்டு போடும்வரை காத்திருந்தால் எல்லாத் துண்டிலும் ஒரே எண் இருக்கும். எனவே வயர்கார்டு தன் இடைமுகத்துக்கு வந்த பெரிய எஸ்கேபியைத் தானே துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, மறைகுறியாக்கி அனுப்புகிறது. கூடுதல் சிபியு செலவு உண்டு, வேறு வழியில்லை. ஐபிவி4-இல் 20 பைட் ஐபி, 8 பைட் யூடிபி, 16 பைட் ஹெடர், 16 பைட் அங்கீகாரக் குறி என மொத்தம் 60 பைட். ஐபிவி6-க்கு 80, அதனால்தான் அதன் இடைமுகங்கள் 1420 என்ற எம்டியுவோடு வருகின்றன.

வயர்கார்டு 2020-இல் 5.6 கெர்னலில் சேரும்வரை தனி மாட்யூலாகவே இருந்தது. அந்தக் காலத்துக்கான ஒத்திசைவுத் தொகுப்பு 3.10 முதல் 5.5 வரையிலான கெர்னல்களை ஆதரித்தது. ஒவ்வொரு பதிப்பிலும் மாறிய உள் ஃபங்ஷன்களுக்கு மாற்று ஏற்பாடு எழுதிக்கொண்டே இருந்தார்கள். கெர்னலுக்கு வெளியே மாட்யூல் வைத்திருப்பதன் விலை அதுதான். உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல, அப்படி இருக்கப்போவதும் இல்லை என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செக்யூர் பூட் இருக்கும் மெஷின்களில் மாட்யூலுக்குக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மெயின்லைனில், அதாவது அதிகாரப்பூர்வக் கெர்னலில், சேர்த்துவிடலாம் என்று நினைத்தால், நம் நிறுவனம் மட்டும் பயன்படுத்தும் ஒரு ஹெடரை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. டிசிசிபியை இருபது ஆண்டுகள் சுமந்தவர்கள் கெர்னல் பராமரிப்பாளர்கள்.

ஜெனீவும் இபிபிஎஃப்பும் சேர்ந்தால்

ஃப்ளோவுக்கு ஒரு மதிப்பு போதும் என்றால், மாட்யூலே எழுத வேண்டாம்; ஜெனீவும், கெர்னலுக்குள் சோதித்து ஓட்டப்படும் சிறு புரோகிராமான இபிபிஎஃப்பும் போதும். ஜெனீவ் ஹெடர் இப்படிப்பட்ட தேவைக்காகவே வடிவமைக்கப்பட்டது. 2020-இல் ஆர்எஃப்சி 8926 ஆக வந்தது, யூடிபி போர்ட் 6081. 8 பைட் அடிப்படை ஹெடர், அதில் 24 பிட் வலை எண். அதற்கு மேல் 252 பைட் வரை நம் விருப்பப்படி ஆப்ஷன்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் 4 பைட் தலைப்பு: 16 பிட் வகுப்பு, 8 பிட் வகை, பிறகு நீளம். வகுப்பு எண்களின் கடைசி 256-ஐ, அதாவது எஃப்எஃப்00 முதல் எஃப்எஃப்எஃப்எஃப் வரையானதை, பரிசோதனைக்கு விட்டிருக்கிறார்கள். வகையின் உச்ச பிட்டை 1 ஆக்கினால், "இது புரியாவிட்டால் பாக்கெட்டை விட்டுவிடு" என்று எதிர் முனைக்குச் சொல்வதாகும்.

மெய்நிகர் வலை மென்பொருளான ஓவிஎன் இதை அழகாகப் பயன்படுத்துகிறது. எந்தத் தருக்க வலை என்பது 24 பிட் எண்ணில். எந்தப் போர்ட்டில் நுழைந்தது, எதில் வெளியேற வேண்டும் என்பவை 15, 16 பிட்டுகளாக ஓர் ஆப்ஷனுக்குள். அமேசானின் கேட்வே லோட் பேலன்சரும் தன் தகவலை ஜெனீவ் ஆப்ஷன்களிலேயே ஏற்றி அனுப்புகிறது. வேறொருவர் சோதித்துப் பார்த்த பாதை என்ற நிம்மதி இதில் கிடைக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஜெனீவ் இடைமுகத்தை எக்ஸ்டர்னல் என்ற முறையில் உருவாக்குங்கள், எங்கே அனுப்புவது, எந்த ஆப்ஷன் சேர்ப்பது என்பதைப் பாக்கெட்டோடு வரும் மெட்டாடேட்டாவிலிருந்து எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். அந்த இடைமுகத்தின் டிசி எக்ரஸ் முனையில் (டிராஃபிக் வெளியேறும் இடத்தில்) ஒரு இபிபிஎஃப் புரோகிராம். அது பிபிஎஃப்_எஸ்கேபி_செட்_டனல்_கீ வழியாக எதிர் முனையின் முகவரியையும், பிபிஎஃப்_எஸ்கேபி_செட்_டனல்_ஆப்ட் வழியாக நம் 16 பைட்டையும் கொடுக்கும். அவ்வளவுதான் நம் பங்கு. ஹெட்ரூம், செக்சம், துண்டு போடுதல், மூலப் போர்ட்டின் ஹாஷ் எல்லாம் ஜெனீவ் டிரைவரின் பொறுப்பு. பல கார்டுகளுக்கு யூடிபி டனலை (யூடிபிக்குள் உறையிட்ட பாக்கெட்டை) துண்டு போடத் தெரியும். தெரியாவிட்டால் கெர்னலே செய்யும். டிசிபிடம்பும் வயர்ஷார்க்கும் இந்த ஹெடரை ஏற்கெனவே பிரித்துக் காட்டும், அது பிழை தேடும் இரவுகளில் சிறிய உதவி அல்ல.

செலவைக் கணக்கிடுவோம். 20 பைட் ஐபி, 8 யூடிபி, 8 ஜெனீவ், 4 ஆப்ஷன் தலைப்பு, நம் 16, உள்ளே இருக்கும் ஈதர்நெட்டுக்கு 14: மொத்தம் 70 பைட். 1500 எம்டியுவில் உள்ளே மிஞ்சுவது 1430. 9000 பைட் ஜம்போ ஃப்ரேம் ஓடும் வலையில் இது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. இந்தச் செலவைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு என் பதில்: சொந்தமாக எழுதிய 16 பைட் ஹெடரால் டிஎஸ்ஓ போனால், இழப்பு இதைவிடப் பல மடங்கு.

ஆனால் இங்கேதான் இரண்டாவது கேள்வி கழுத்தைப் பிடிக்கிறது. இபிபிஎஃப் புரோகிராம் ஓடுவது எஸ்கேபிக்கு ஒரு முறை, பாக்கெட்டுக்கு ஒரு முறை அல்ல. 64 கிலோபைட் எஸ்கேபி சுமார் 45 பாக்கெட்டுகளாக உடையும்போது, 45-லும் ஒரே வரிசை எண், ஒரே நேரக்குறி. வாடிக்கையாளர் எண்ணுக்கு இது எந்தக் குறையும் இல்லை. எல்லாம் ஒரே ஃப்ளோதானே. ஆப்ஷன் ஒன்றாகவே இருப்பதால் பெறும் பக்கத்தில் ஜிஆர்ஓ அவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்க்கவும் முடிகிறது. ஆனால் எந்தப் பாக்கெட் தொலைந்தது என்று வரிசை எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்க நினைத்தவருக்கு இது பயன்படாது. நான் ஆரம்பத்தில் வைத்த 16 பைட் ஹெடரையே எடுத்துக்கொண்டால், முதல் 4 பைட் ஜெனீவுக்குப் பொருந்தும். அடுத்த 12 பொருந்தாது. அந்த 12 பைட் உண்மையிலேயே தேவையா என்று வடிவமைப்புக் கூட்டத்தில் கேட்பது, ஒரு மாட்யூலை எழுதிப் பல ஆண்டு பராமரிப்பதைவிட மலிவு.

நேரக்குறி பற்றி ஒன்று. பிபிஎஃப்_கேடைம்_கெட்_என்எஸ் தருவது மெஷின் பூட் ஆனதிலிருந்து ஓடும் கடிகாரம். இரண்டு மெஷின்களின் அந்த எண்ணைக் கழித்தால் ஒருவழித் தாமதம் கிடைக்காது. பிடிபி கொண்டு கடிகாரங்களை ஒத்திசைத்து, டிஏஐ நேரம் (எல்லா மெஷினுக்கும் பொதுவான அணுக் கடிகார நேரம்) தரும் ஹெல்ப்பரை, அதாவது இபிபிஎஃப்புக்குக் கெர்னல் தரும் ஃபங்ஷனை, பயன்படுத்த வேண்டும்.

இபிபிஎஃப் மட்டும்

ஜெனீவ் வேண்டாம், சொந்த வடிவம்தான் என்றால், டிசி முனையில் பிபிஎஃப்_எஸ்கேபி_அட்ஜஸ்ட்_ரூம் ஹெல்ப்பர் கொண்டு இடம் உண்டாக்கி எழுதலாம். பெரிய எஸ்கேபி வந்தால் இந்த ஹெல்ப்பர் சேர்த்த பைட் அளவுக்குத் துண்டு அளவைத் தானாகவே குறைத்துவிடும். வேண்டாமென்றால் அதற்கொரு ஃபிளாக் உண்டு. புரோகிராமை ஏற்றும் முன் சோதிக்கும் வெரிஃபையர் கண்டிப்பானது. பாக்கெட்டின் ஒவ்வொரு பைட்டைத் தொடுவதற்கு முன்பும் டேட்டா_எண்ட் எல்லையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். இடம் உண்டாக்கியதும் பழைய சுட்டிகள் எல்லாம் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் பிஎஸ்கேபி_மே_புல் மறந்ததால் மெஷின் விழுவது போன்ற ஒரு வகைப் பிழையையே அது இல்லாமல் செய்துவிடுகிறது. ஐபிக்கும் டிசிபிக்கும் நடுவே முன்பின் தெரியாத ஹெடரைச் செருகினால் துண்டு போடும் சிக்கல் இங்கேயும் அப்படியேதான் இருக்கும்; இபிபிஎஃப் அதற்கு மந்திரம் அல்ல. யூடிபி உறைக்குள் வைத்தால் பிழைக்கலாம், அதைக் கெர்னலுக்குச் சொல்லும் ஃபிளாக்குகள் 5.2 முதல் இருக்கின்றன.

இபிபிஎஃப் ஓடும் இன்னொரு முனையான எக்ஸ்டிபி பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு பரவலாக உண்டு. அது மிக வேகமானது, உண்மை. எஸ்கேபி உருவாவதற்கு முன்பே டிரைவரிலேயே ஓடுகிறது. முன்னால் 256 பைட் ஹெட்ரூமும் கிடைக்கும். ஆனால் அது உள்ளே வரும் பாக்கெட்டில்தான் ஓடும். இதே மெஷினில் ஓடும் அப்ளிகேஷன் அனுப்பும் டிராஃபிக் அதன் கண்ணிலேயே படாது. நடுவில் நின்று வாங்கி, ஹெடர் ஒட்டி, திருப்பி அனுப்பும் லோட் பேலன்சருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபேஸ்புக்கின் கட்ரான் அப்படித்தான் ஐபிக்குள் ஐபி வைத்து அனுப்புகிறது. பெறும் முனையில் ஆர்எஸ்எஸ் நன்றாகப் பிரியட்டும் என்று வெளி ஐபியின் மூல முகவரியை ஃப்ளோவுக்கு ஏற்ப மாற்றுவதையும் கவனியுங்கள்.

மீதி இரண்டு

தேவை டிசிபிக்கு மட்டும், தகவலும் சில பைட்தான் என்றால் டிசிபி ஆப்ஷனே (டிசிபி ஹெடரின் கூடுதல் புலம்) போதும். சீனாவில் எல்விஎஸ் லோட் பேலன்சரோடு பரவிய டிஓஏ மாட்யூல், அசல் கிளையண்டின் முகவரியையும் போர்ட்டையும் 254 என்ற ஆப்ஷன் எண்ணில் 8 பைட்டாக வைத்து அனுப்பியது. 5.10 முதல் இதையே இபிபிஎஃப்பில் மாட்யூல் இல்லாமல் செய்யலாம். ஆப்ஷன்களுக்கு மொத்தமே 40 பைட் என்பதுதான் எல்லை. லினக்ஸ் அனுப்பும் வழக்கமான சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டில் 20 பைட் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். டேட்டா பாக்கெட்டில் டைம்ஸ்டாம்ப் 12 போக 28 மிஞ்சும், பாக்கெட் இழப்பு வந்தால், எவை வந்தன என்று சொல்லும் சாக் ஆப்ஷன் அதிலும் பங்கு கேட்கும். ஒரு கனெக்ஷனுக்கு ஒருமுறை சொன்னால் போதுமான தகவலுக்கு இது மிகச் சிக்கனமான வழி.

மற்றொன்று, பாக்கெட்டைச் சாதாரணப் புரோகிராமிடம் கொடுக்கும் டன் இடைமுகம் வைத்து எல்லாவற்றையும் யூசர்ஸ்பேஸிலேயே, அதாவது கெர்னலுக்கு வெளியே, செய்வது. "மெதுவானது" என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் பழக்கம் இருக்கிறது. பெரிய எஸ்கேபிகளை உடைக்காமல் டன் வழியாக வாங்கி, யூடிபி ஜிஎஸ்ஓ கொண்டு அனுப்பும் முறையால் டெயில்ஸ்கேல் நிறுவனம் 2023-இல் கோ மொழியில் எழுதிய வயர்கார்டைக் கொண்டே நொடிக்கு 10 கிகாபிட்டைத் தாண்டியது. வேகம் அதற்குள் அடங்கும் என்றால், பிழை வந்தால் புரோகிராம் மட்டும் விழும், மெஷின் விழாது என்ற ஒரே காரணத்துக்காக நான் இதை மாட்யூலுக்கு முன் வைப்பேன்.

என் வரிசை

கற்றுக்கொள்ள: ஈதர்டைப் 88பி5-உம் டெவ்_ஆட்_பேக்கும். ஃப்ளோவுக்கு ஒரு மதிப்பு, இரண்டு முனையும் நம் கையில்: ஜெனீவ் ஆப்ஷனும் இபிபிஎஃப்பும், யோசிக்கவே வேண்டாம். கனெக்ஷனுக்கு ஒரு மதிப்பு, டிசிபி மட்டும்: டிசிபி ஆப்ஷன். பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும் மதிப்பு, மறு அனுப்பல், மறைகுறியாக்கம்: முதலில் யூசர்ஸ்பேஸில் எழுதி அளந்து பாருங்கள்; போதவில்லை என்று எண்கள் சொன்னால் மட்டும் யூடிபிக்கு மேல் ஒரு மெய்நிகர் இடைமுக மாட்யூல், அதைப் பராமரிக்கப் பெயர் சொல்லி ஓர் ஆள். சொந்த ஐபி எண், ஹோமா போல ஒரு புதிய டிரான்ஸ்போர்ட்டையே வடிவமைப்பவர்களுக்கு.

எதைத் தேர்ந்தாலும் சோதனை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லோரும் முதலில் ஒரே மெஷினில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸை (தனித்தனி வலைச் சூழலை) வீஈத் என்ற மெய்நிகர் கார்டு ஜோடியால் இணைத்துச் சோதிப்பார்கள்; செய்யலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. எல்லா ஆஃப்லோடும் எனக்குத் தெரியும் என்று வீஈத் சொல்லிக்கொள்வதால், பெரிய எஸ்கேபி உடையாமலேயே மறுபக்கம் போய்ச் சேரும். செக்சமும் உண்மையில் போடப்படாது. இந்தக் கட்டுரையில் சொன்ன பிழைகளில் முக்கால்வாசி அங்கே தலையே காட்டாது. நிஜக் கார்டுள்ள இரண்டு மெஷின்கள், நடுவே ஒரு ஸ்விட்ச், ஐபெர்ஃப்3-இல் பல ஃப்ளோக்கள், கூடவே மறு அனுப்பல் எண்ணிக்கைக்கும் செக்சம் பிழைகளுக்கும் என்ஸ்டாட், எந்தக் கோரில் சுமை ஏறுகிறது என்று பார்க்க ஒரு டாப். இதே சோதனையை டிஎஸ்ஓ இயக்கத்தில் ஒருமுறையும் அணைத்து ஒருமுறையும் ஓட்டி, டிசிபிடம்பைப் பெறும் முனையில் வைத்துப் பாருங்கள். அனுப்பும் முனையில் வைத்தால் உடையாத பெரிய பாக்கெட்டும், போடப்படாத செக்சமும்தான் தெரியும்.